மல்லிநாட்டுக்கு யார் எழுந்திருப்பது

மல்லிநாடு என்று ஒரு நாடு கிடையாது. எந்த ராஜா எப்போது வைத்த பெயரோ, அந்த ராஜாவும் போய்விட்டான், அவன் நட்ட எல்லைக்கல்லும் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, "மல்லிநாட்டுக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். வண்டிக்காரன் உங்களை மல்லி கிராமத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கூலி கேட்பான். அந்த ஒரு கிராமத்தின் பெயர்தான் மிச்சம். ஒரு காலத்தில் வில்லிபுத்தூரும் அதைச் சுற்றியிருக்கிற ஊர்களும் சேர்ந்த சீமை முழுவதற்கும் அது பெயராக இருந்ததாம். இன்றைக்குத் தாலுகா கச்சேரியில் கேட்டால் சிரிப்பார்கள். தபால்காரருக்குத் தெரியாது. நம் காலத்திலேயே விருதுபட்டி விருதுநகர் ஆகிவிட்டது, நாலு வருஷத்தில் பழைய பெயரைச் சொல்கிறவர்கள் பட்டிக்காட்டான் என்று பேச்சு வாங்குகிறார்கள். மல்லிநாடு எந்த மூலை?

ஆனால் எங்கள் ஜனங்களுக்கு அந்த நாடு இருந்தது. வேறு எங்கும் இல்லை, கல்யாணப் பந்தலில் மட்டும் இருந்தது. அந்த இல்லாத நாடு என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது. வெள்ளைக்காரர்களின் பழைய ராணி செத்துப்போன வருஷத்துக்கு அக்கம்பக்கம் நடந்த விஷயம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கோபத்தோடு கூடவே உடம்பெல்லாம் ஒரு துள்ளல். அப்படி ஒரு காலைப்பொழுது என் ஆயுசில் இன்னொன்று வரவில்லை.

வழக்கம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை மணவறையில் ஏறுவதற்கு முன்னால் நாட்டுத் தாம்பூலம் கொடுக்க வேண்டும். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, விரலி மஞ்சள், ஒரு தேங்காய். தொண்டை உள்ள ஆள் ஒருவர் பந்தல் நடுவில் நின்று தட்டைத் தூக்கிப் பிடித்து நாட்டின் பெயரைக் கூவுவார். அந்த நாட்டுக்காரர் ஒருவர் எழுந்து வந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். வாங்கினால் அந்த நாடு கல்யாணத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். பெண்ணின் நாட்டுக்கு முதல் தட்டு. அதற்குப் பிறகுதான் மற்ற நாடுகள். மூன்று தரம் கூவியும் யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் அந்த நாடு மறுக்கிறது. தாலி கட்டக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

எந்த மடையன் ஏற்படுத்தினானோ! கூவுகிற பெயர் எல்லாமே பழைய சீமைப் பெயர்கள். எங்கள் ஜனங்கள் ராஜபாளையத்துக்கு வந்தது நேற்று முந்தாநாள் மாதிரி. அதனால் அந்தப் பெயர்களில் ராஜபாளையம் கிடையாது. ராஜபாளையத்தில் பருத்தி விற்ற ரூபாயில் கல்யாணம், ராஜபாளையத்து மண்ணில் பந்தல், ராஜபாளையத்துக் கிணற்றுத் தண்ணீரில் சாப்பாடு. தட்டு மட்டும் அந்த ஊருக்கு இல்லை.

என் அப்பா வில்லிபுத்தூரில் பிறந்தவர். தாத்தா செத்ததும் பெரியப்பா கிணற்றோடு சேர்ந்த நிலத்தைத் தான் எடுத்துக்கொண்டு, புல்லும் முளைக்காத மேட்டை அப்பாவுக்குத் தள்ளினார். கேட்டதற்கு, மல்லிநாட்டில் மூத்தவன் வைத்ததுதான் சட்டம் என்றாராம். அப்பா ஒரு வண்டியையும் ஒரு ஜோடி மாட்டையும் பூட்டிக்கொண்டு, எங்களைத் தூக்கி அதில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் வந்தார். விருதுபட்டி ரயிலடிக்குப் பருத்திப் பொதி ஏற்றிப் போனார். வண்டிகள் பெருகின. பருத்தி அடுக்க ஒரு கொட்டகையும் போட்டார். மல்லிநாடு என்ற வார்த்தையை இனி வாயால் சொல்வதில்லை என்று அவருக்குள் ஒரு வைராக்கியம்.

பெரியப்பா இதற்கு நேர் எதிர். தட்டு வாங்குகிற வேலையையும் மூத்தவர் என்று அவரே எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்குக் கல்யாணம் போய், சரிகைத் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று தட்டு வாங்குவதுதான் அவர் பார்த்த உத்தியோகம். வேறு ஒரு வேலையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளைக்குத் தளவாய்புரம். பருத்திப் பொதி கொண்டுவந்தபோது எங்கள் கொட்டகை வாசலில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பெரியப்பா என்னை வேறு இடத்துக்குக் கேட்டிருந்தார். சுந்தரபாண்டியத்தில் அவருடைய மைத்துனன், பெண்டாட்டி செத்தவன், பல்லில் பாதி இல்லாதவன். அப்பா முடியாது என்றுவிட்டார். பரிசம் போட்ட அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி, "பொண்ணு எந்த நாடு?" என்று கேட்டார்கள். அப்பா, "ராஜபாளையம்" என்றார். எல்லோரும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று விடிந்ததும் என்னைச் சோடித்து உள்ளறையில் உட்கார வைத்துவிட்டார்கள். காவலுக்கு அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவள். தலையில் பூவைக் குத்திக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள். அறைக்கு மரக்கம்பி வைத்த ஒரு ஜன்னல். அதன் வழியாகப் பந்தல் முழுவதும் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அத்தை என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்புவாள், நான் அந்தப் பக்கம் திருப்புவேன்.

கூவுகிறவர் தளவாய்புரத்துப் பெரியவர். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலை மாட்டை விரட்டி விரட்டிப் பழகிய தொண்டை.

"மல்லிநாடூ... தாம்பூலம்!"

எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷத்தில்தான். இது முடிந்தால் அடுத்து நான்தானே. பெரியப்பா எழுந்திருப்பார் என்று பார்த்தேன். அவர் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பந்தலின் ஓலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மல்லிநாடூ... தாம்பூலம்!" இரண்டாவது தரம்.

பெரியப்பா துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மேளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூவுகிறவர் தட்டைத் தாழ்த்திப் பிடித்தார். "அண்ணாச்சி, ஒம்மத்தான் கூப்பிடுதேன். காது கேக்கலையா?"

"கேக்கு. நல்லாக் கேக்கு" என்றார் பெரியப்பா. "பரிசத்தன்னைக்குப் பொண்ணோட அப்பன் எந்த ஊருன்னு சொன்னானோ, அந்த ஊரைக் கூப்பிடும். ராஜபாளையத்துத் தாம்பூலம்னு கூவும். எவன் எந்திரிக்கான்னு பாப்போம்."

அவரோடு வண்டியில் வந்த கூட்டம் சிரித்தது.

அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கூவட்டுமே. நான் எந்திரிக்கேன்."

"அப்பிடி ஒரு நாடு கிடையாதுய்யா. இல்லாததை நான் எப்பிடிக் கூவ?" என்றார் கூவுகிறவர்.

மல்லிநாடு மட்டும் இருக்கிறதாக்கும்! எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷன். கையைக் கூப்பிக்கொண்டே வந்தார். "சம்பந்தி, ஒரு வார்த்தைதான? நானும் மல்லிநாட்டான்னு சொல்லிப்போடும். அண்ணாச்சி எந்திரிச்சிருவாக."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றார் அப்பா.

"செத்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார் பெரியப்பா.

இரண்டு பேரும் சாகத் தயார். வாழப் போகிறவள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருவருக்கும் நினைப்பில்லை.

பின்வரிசையில் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் மெதுவாக ஒரு காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏலே, ஊருக்கு நடந்தே போயிருவியோ?" என்றார். வண்டி பெரியப்பாவுடையது. சித்தப்பா இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மல்லிநாட்டு வீரம் அவ்வளவுதான்.

என் அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் சேத்து உலையில போட்டாத்தான் என் வயிறு ஆறும்" என்று சொல்லிவிட்டு, சாதம் குழைகிறதென்று திரும்பி ஓடினாள். ஐயர் மணவறையிலிருந்து, "நாழியாறது, வெயில் ஏறியாச்சு" என்று முனகினார். பந்தலுக்கு வெளியே தளவாய்புரத்து வண்டியில் யாரோ மாட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. மணிச்சத்தம். மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏமி இதி, தேவுடா!" என்று தெலுங்கு அம்மாள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"தலையெழுத்து" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "சுந்தரபாண்டியத்தான் ஒண்ணும் மோசமில்லட்டி. நெலம் இருக்கு."

நின்றுபோன கல்யாணத்துப் பெண்ணை வேறு எவன் எடுப்பான்? பெரியப்பா அதற்குத்தான் பந்தலின் ஓலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பொக்கை வாய் கண்முன்னால் வந்தது. உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. யாராவது வில்லிபுத்தூர்க்காரன் எழுந்திருக்க மாட்டானா என்று பந்தல் முழுவதும் தேடினேன்.

அப்போதுதான் ராவுத்தர் மாமா கண்ணில் பட்டார்.

பந்தல் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பருத்தித் தரகு பார்க்கிறவர். அப்பா ராஜபாளையம் வந்த புதிதில் முதல் பொதியை ஏற்றிவிட்டவர் அவர்தான். என்னை மருமகளே என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு வீடு வில்லிபுத்தூரில். அவருடைய தாத்தாவுக்கும் அதே வீடுதான். வாரத்துக்கு இரண்டு தரம் எங்கள் கொட்டகைக்கு வருவதும் அங்கிருந்துதான்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாய் திறந்துகொண்டது.

"ராவுத்தர் மாமா! நீங்க வில்லிபுத்தூர்தான? மல்லிநாடுதான? எந்திரிச்சுத் தட்டை வாங்குங்க!"

பந்தல் முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியது. கல்யாணப் பெண் வாய் திறந்து பேசி அந்த ஜனங்கள் கேட்டதே கிடையாது. அத்தை பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். நான் அவள் விரலைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன்.

"பொண்ணா கத்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆமா, பொண்ணுதான் கத்துனேன்!" என்றேன்.

"ஏட்டி, வெக்கங்கெட்டவளே!" என்று பெரியப்பா உறுமினார்.

ராவுத்தர் மாமா விசிறியைக் கீழே வைத்தார். "மருமகளே, நான் சாப்பிட வந்தவன். என்னை அடி வாங்க வைக்கப் பாக்கியே?"

"நீங்க எந்திரிக்காட்டா இன்னைக்குச் சாப்பாடே கிடையாது மாமா!"

தளவாய்புரத்துக் கூட்டத்தில் ஒருவன் பக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் நாலு பேருக்குத் தொற்றிக்கொண்டது. மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தவனும் விட்டுவிட்டுப் பந்தலுக்குள் தலையை நீட்டினான். எனக்கு ஜன்னல் கம்பியை உடைத்துக்கொண்டு வெளியே குதிக்க வேண்டும் போல இருந்தது.

ராவுத்தர் மாமா கூவுகிறவரைப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். நீங்க கூவுதது சாதிப் பேரா, சீமைப் பேரா?"

"சீமைப் பேருதான்."

"அந்தச் சீமையில வீடுவாசல் உள்ளவன் எந்திரிக்கணும். அதான வழக்கம்?"

"ஆமா."

"எம் பாட்டனையும் பூட்டனையும் அடக்கம் பண்ணுன மண்ணு வில்லிபுத்தூரு. நான் எந்திரிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

கூவுகிறவர் தட்டைக் கை மாற்றிப் பிடித்தார். எத்தனையோ கல்யாணத்தில் கூவியவர். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எழுந்திருக்கிறவன் எப்போதும் எங்கள் ஜனமாகவே இருந்ததால், வேறு யார் எழுந்திருக்கலாம் என்று யோசிக்கிற தேவையே வரவில்லை. கடைசியில், "எங்கப்பா எனக்கு நாட்டுப் பேருதான் சொல்லிக்குடுத்தாரு. சாதி ஒண்ணும் சொல்லிக்குடுக்கல" என்றார்.

"அப்ப ராவுத்தர்தான் இனிமே மல்லிநாட்டுக்குப் பெரியதனமா?" என்று பெரியப்பா பல்லை நறநறவென்று கடித்தார்.

"நீங்க எந்திரிச்சா நான் எதுக்குண்ணே?" என்றார் ராவுத்தர் மாமா பணிவாக. "எடம் சும்மாதான கெடக்கு. செத்த நேரம் நின்னுட்டுப் போறேன்."

"எவராச்சும் எந்திரிங்கப்பா! எம் மகன் நின்ன காலோட நிக்கான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. தளவாய்புரத்தார் எல்லோரும், "கூவும்! கூவும்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குப் பசி ஒரு பக்கம், வேடிக்கை ஒரு பக்கம்.

கூவுகிறவர் தொண்டையைச் செருமினார். தட்டை உயரத் தூக்கினார். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வளையல் ஒன்று உடைந்தது. கவனிக்கவில்லை.

"மல்லிநாடூ... தாம்பூலம்!"

ராவுத்தர் மாமா எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். செருப்பைப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு நடந்தார். நிதானமான நடை, பருத்தி மூட்டையைப் பார்வையிடப் போகிறவரைப் போல. கூட்டம் வழிவிட்டது. நான் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. தட்டு வாங்குகிற அந்த இடத்துக்கு வேறு ஒரு மனுஷன் நடந்துபோவதை அவர் கண் பார்க்கிறது. ராவுத்தர் மாமா கையை நீட்டினார். விரல் தட்டின் விளிம்பைத் தொட்டது.

பெரியப்பா துள்ளி எழுந்தார். எறும்புப் புற்றில் உட்கார்ந்தவன் கூட அப்படித் துள்ள மாட்டான். மடியிலிருந்த சரிகைத் துண்டு கீழே விழுந்தது, அதையே மிதித்துக்கொண்டு பாய்ந்து தட்டின் அடுத்த விளிம்பைப் பிடித்துவிட்டார்.

"விடும்வே! இது எங்க அப்பன் பாட்டன் வாங்குன தட்டு!"

"புடிங்க, நல்லாப் புடிங்க" என்றார் ராவுத்தர் மாமா. ஆனால் விடவில்லை. பெரியப்பா இழுத்தார். தேங்காய் உருண்டு விழுந்து மேளக்காரர் காலடிக்குப் போனது.

அந்தக் கூவுகிற மனுஷன் இருக்கிறாரே, அவருக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். ஒரு கணம்கூட வீணாக்கவில்லை. "மல்லிநாடு வாங்கியாச்சு! மேளம்! மேளம்!" என்று கத்தினார்.

மேளம் இடித்தது. பெரியப்பாவுக்குத் தான் செய்தது அப்போதுதான் புரிந்தது. தட்டைப் பிடித்தபடியே வாயைத் திறந்து திறந்து மூடினார். ஏதோ திட்டினார் போலிருக்கிறது. நாதஸ்வரத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அப்பா பந்தக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. மற்ற நாடுகளின் தட்டெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்தன. கூப்பிடுவதற்கு முன்பே ஆட்கள் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்த கல்யாணங்களில் பெரியப்பா முதல் கூவலுக்கு முன்னாலேயே எழுந்து நிற்பார். பக்கத்தில் யாராவது ராவுத்தர் இருக்கிறாரா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். கல்யாணம் செல்லாது என்று சாகும் வரை சொல்லிக்கொண்டும் இருந்தார். சொல்லட்டும். இப்போது பட்டணத்துச் சத்திரத்தில் கல்யாணம் வைக்கிறவர்கள் தட்டையும் விட்டுவிட்டார்கள், பெயரையும் விட்டுவிட்டார்கள். நல்லது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை வெற்றிலைத் தட்டில் வைத்து இழுத்துக்கொள்ள எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை.

அன்றைக்கு அத்தை கடிபட்ட விரலைத் துணியில் சுற்றிக்கொண்டே என்னை மணவறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தலையில் பூ பாதி குத்தியும் பாதி தொங்கியும் இருந்தது. ஐயர் மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார். தலையைக் குனியச் சொன்னார்கள். குனிந்தேன். தாலி கழுத்தில் விழுந்தது. மஞ்சள் கயிற்றின் ஈரம் பிடரியில் பட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

முடிச்சுப் போடுகிற சாக்கில் மாப்பிள்ளை என் காதுப் பக்கம் குனிந்தார்.

"கத்துனது நீயா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இம்புட்டு நேரங்கழிச்சா கத்துவே? நின்னு நின்னு காலு மரத்துப்போச்சு."